தாங்கியில் தங்காத தண்ணீர்

இங்கிலாந்து
14.03.1982

அன்புள்ள மச்சி ஸுபைராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இது உன் கைக்கு வரும்போது பதுளையில் மழை விட்டு, மாமாவின் கடைக்கு வெலிமடைக் கிழங்கு லொறிகள் ஒழுங்காக வரத் தொடங்கியிருக்கும். இங்கே குளிர் இன்னும் போக மனமில்லாமல் நிற்கிறது. மூக்கைத் தவிர எல்லாம் நலம்.

வழமைபோல ஒரு வேலையோடுதான் வருகிறேன், கோபிக்காதே. போன வருடம் நீ பார்த்துத் தந்த வெப்பக் கணக்கு அப்படியே சரியாக வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னை இந்தப் புதிய பிரிவில் போட்டார்கள். இப்போது என் தலையில் விழுந்திருப்பது தண்ணீர்.

சூரியனுக்குள் நடப்பதை ஒரு பாத்திரத்துக்குள் நடத்திப் பார்க்கும் வேலை என்று முன்பே எழுதியிருந்தேன். அணுவை உடைப்பதல்ல, ஒட்டுவது. ஒட்டும்போது தெறிக்கிற நியூத்திரன்கள் பாத்திரத்தைக் கொதிக்க வைக்கும். அந்தச் சூட்டை எடுக்கக் குழாய்களில் தண்ணீர் ஓட வேண்டும். முழு உலை கட்ட இன்னும் எத்தனையோ காலம் ஆகும். அந்தத் தண்ணீருக்கு என்ன ஆகிறது என்று முன்கூட்டியே பார்க்கத்தான் நாங்கள் நியூத்திரன் பீய்ச்சும் கருவி ஒன்றோடு ஒரு சோதனைக் குழாய்ச் சுற்று அமைக்கிறோம். நியூத்திரன் பட்டால் தண்ணீரில் உள்ள ஒட்சிசனில் கொஞ்சம் பொல்லாத நைதரசனாக மாறிவிடுகிறது. அது விடுகிற காமாக் கதிர் சாதாரணச் சுவரை ஒரு பொருட்டாகவே எடுக்காது. நல்ல காலம், அதற்கு ஆயுள் குறைவு. ஏழு விநாடிக்கு ஒரு தடவை பாதியாகிவிடும்.

ஆகவே தண்ணீரை வெளியே விடுமுன் ஒரு பெரிய தாங்கியில் ஒன்றரை நிமிடம் நிறுத்தி வைக்கிறோம். தாங்கியைச் சுற்றி தடித்த கொங்கிறீற்றுச் சுவர். வெளியே வரும்போது ஆறாயிரத்தில் ஒரு பங்கு நஞ்சுதான் மிஞ்சியிருக்கும். அதனால் வெளியே வரும் குழாய்க்கும் தண்ணீரைத் தள்ளும் பம்பி அறைக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர் போதும் என்பது என் யோசனை. பம்பி அறையில் எந்நேரமும் ஓர் ஆள் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பான். மெல்லிய சுவர் என்றதும் என் தலைவர் கட்டடத்தில் இடம் மிச்சம் என்று குதிக்கிறார்.

படமும் கணக்கும் இத்துடன் வருகின்றன. இங்கே ஒருவரிடமும் காட்டிக் கேட்க எனக்கு வெட்கம். உன் கண் பட்டால் எனக்கு நித்திரை வரும்.

லத்தீப் போன வாரம் இரண்டு நாள் என்னோடு தங்கிப் போனான். வேலை தேடுகிறான். எங்கள் இடத்தில் எதிலாவது நுழைக்க முடியுமா என்று பார்க்கிறேன். உன் தம்பி என் தம்பி இல்லையா?

மாமா பெற்ற மகளோடு இன்னும் பேசுவதில்லை என்று உம்மா எழுதினார். பொறுமையாக இரு, மச்சி. காலம் எல்லாவற்றையும் ஆற்றும்.

அன்புடன்,
ஷுக்ரி


பதுளை
02.04.1982

ஷுக்ரிக்கு,

வஅலைக்கும் ஸலாம். ஸலாத்துக்குப் பதில் சொல்லாவிட்டால் பாவம் என்பதற்காகச் சொல்கிறேன். மற்றபடி இந்தக் கடிதத்தில் உனக்கு ஒரு நன்மையும் இல்லை. இதுவரை உன்னை மச்சான் என்றும் நீங்கள் என்றும் எழுதிய கை இனி நீ என்றுதான் எழுதும்.

போன ஞாயிறு பண்டாரவளையில் நம் சொந்தக்காரி பலீலாவின் கல்யாணம். பெண்கள் பக்கத்தில் உன் உம்மாவும் நானும் இன்னும் நாலு பேரும் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடும்போது மாமி, அதுதான் உன் உம்மா, இறைச்சித் துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு, எல்லாருக்கும் தெரிந்த பழைய பகிடியைச் சொல்வது மாதிரிச் சொன்னார். "எங்கட மகன் அண்டைக்கி உன்ட வாப்பாக்கிட்ட வாயத் தொறக்காட்டி நீதானே மகள் சீமைக்குப் போயிருப்பா. அல்லாஹ் எழுதினது வேற." சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை உருட்டினார். நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் ஐந்து பேர் சாப்பாட்டை விட்டு எழும்ப வேண்டும். முழுத் துண்டையும் மென்று விழுங்கினேன்.

உனக்கு வசதிக்காக மறந்திருக்கும், நான் சொல்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் பேராதனையில் படித்து முடித்தோம். இங்கிலாந்துக்கு ஒரேயொரு புலமைப்பரிசில். முதல் பெயர் என்னுடையது, அதற்குக் கீழே உன்னுடையது. நேர்முகத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வாப்பா கடையிலிருந்து நேரங்கெட்ட நேரத்தில் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. உம்மாவிடம் மட்டும் சொன்னார்: "எல்லயில ரெஸ்ட் ஹவுஸ்ல ஒரு ஆம்புளயோட கண்டீக்காங்க. இனி இவ வாசல் தாண்டப்படா." நான் அந்த வருடம் முழுக்க எல்ல டவுன் பக்கம் போகவே இல்லை. அழுதேன், குர்ஆனில் சத்தியம் பண்ணினேன். யார் கண்டது என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. சொன்னவன் அவருடைய சொந்தத் தங்கச்சி மகன் என்பதால்தான் சொல்லவில்லை என்று இப்போது விளங்குகிறது. அவனைக் காப்பாற்றினார்!

இரண்டு வருடம் கழித்து உம்மா கெஞ்சிக் கூத்தாடிப் படிப்பிக்கப் போக விட்டார்கள். ஆனால் வாப்பா என்னோடு பேசவில்லை. இன்றுவரை ஒரு சொல் இல்லை. நான் சோறு வைத்தால் சாப்பிடுவார். உப்புக் கூடினால் உம்மாவைப் பார்த்து, "அவளுக்கிட்டச் சொல்லுங்க" என்பார். நான் அந்த மேசைக்கு மற்றப் பக்கத்தில்தான் நிற்பேன். என்னைக் கேட்டு நல்ல இடங்கள் வந்தன. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார். உம்மா அழுதபோது அவர் சொன்னதை நான் அறைக்குள் இருந்து கேட்டேன். "மூட்டைக்கு அடியில அழுகல வெச்சி மேல நல்ல கிழங்க அடுக்கிற யாவாரி நான் இல்ல. ஊரான் புள்ளய ஏமாத்த மாட்டன்." அந்த அழுகல் நான். அப்படி ஆக்கியவன் நீ. உனக்கு நான் பன்னிரண்டு வருடமாகக் கணக்குச் சரிபார்த்துத் தந்திருக்கிறேன்.

சரி, உன் தண்ணீருக்கு வருகிறேன். பார்த்தேன். எண்களில் பிழை இல்லை, பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. சின்னதல்ல. இந்தப் படத்தின்படி கட்டினால் உன் மெல்லிய சுவர் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பிழை எங்கே என்று எனக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன்.

வாப்பாவுக்குக் கடிதம் எழுது. உன் கையெழுத்தில், கடை விலாசத்துக்கு. எல்லயில் நான் எவரையும் காணவில்லை, சொன்னது பொய், ஸுபைராவுடைய இடம் எனக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். இவ்வளவு போதும். அந்தக் கடிதம் வாப்பாவின் கைக்கு வந்த அன்றைக்கே உன் பிழையைத் தபாலில் போடுவேன்.

அப்படி எழுதினால் மன்னித்துவிடுவேன் என்று நினைக்காதே. மன்னிக்கிற யோசனையே என்னிடம் இல்லை.

ஸுபைரா


இங்கிலாந்து
15.04.1982

அன்புள்ள ஸுபைரா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். உன் கோபம் நியாயம். யாராக இருந்தாலும் கோபம் வரும். ஆனால் நடந்ததை நீ நினைக்கிற மாதிரி மட்டும் பார்க்கக் கூடாது.

நான் கண்டதாகச் சொல்லவில்லை. கேள்விப்பட்டதைத்தான் மாமாவிடம் சொன்னேன். பண்டாரவளை பஸ்ஸில் யாரோ இரண்டு பேர் உன் பெயரைச் சொல்லிக் கதைத்தார்கள். குடும்பத்துப் பிள்ளை என்ற அக்கறையில் மாமாவின் காதில் போட்டேன். அவர் அதை இவ்வளவு பெரிதாக எடுப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. புலமைப்பரிசில் என் பக்கம் வந்தது தானாக நடந்தது. உம்மா வாய் தவறி எதையாவது சொன்னால் அதைத் தூக்கிப் பிடிக்காதே. அவருக்கு வயதாகிவிட்டது.

இப்போது மாமாவுக்கு எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? அவருக்கு நெஞ்சு வருத்தம் என்று நீயேதான் எழுதியிருந்தாய். மாமாவும் என் உம்மாவும் அண்ணன் தங்கச்சி. இரண்டு வீடும் உடைந்து போகும். ஆறின புண்ணைக் கிளறி யாருக்கு லாபம்?

பிழை விஷயத்துக்கு வருகிறேன். கொங்கிறீற்றின் அடர்த்தியைக் குறைத்துப் போட்டிருக்கிறேன் என்கிறாயா? அதைத் திருப்பிப் பார்த்தேன், சரிதான். பம்பியின் வேகமா? அதுவும் சரி. அதே தண்ணீரில் இன்னொரு வகை நைதரசனும் உண்டாகி நியூத்திரனையே திருப்பித் துப்பும் என்பதை மறந்துவிட்டேன் என்கிறாயா? மறக்கவில்லை, அதற்கு நாலு விநாடிதான் அரை ஆயுள், தாங்கியிலேயே செத்துவிடும். தாங்கியின் கொள்ளளவைத் தண்ணீர் ஓடும் அளவால் பிரித்தால் ஒன்றரை நிமிடம் வருகிறது. கணினியில் மூன்று தடவை போட்டாயிற்று. கணினிக்கு உன் வாப்பாவோடு கோபமில்லை, என்னோடும் கோபமில்லை.

பிழை இல்லை, ஸுபைரா. நீ பூச்சாண்டி காட்டுகிறாய். படித்தவள் செய்கிற வேலையா இது?

அன்புடன்,
ஷுக்ரி


பதுளை
30.04.1982

ஷுக்ரிக்கு,

வஅலைக்கும் ஸலாம்.

பஸ்ஸில் இரண்டு பேர்! அவர்களுக்குப் பெயரும் தொப்பியும் வைத்து அனுப்பியிருக்கலாமே. பொய்க்குப் பொய் முட்டுக்கொடுக்கப் பன்னிரண்டு வருடம் இருந்தும் உனக்கு இதைவிட நல்லதாக ஒன்று கிடைக்கவில்லை. உன் கடிதத்தில் உண்மை ஒன்றே ஒன்றுதான்: கணினிக்கு எவரோடும் கோபமில்லை. அதனால்தான் அதற்குப் பிழை தெரியவில்லை. எனக்குக் கோபம் இருந்தது. உன் படத்தின் ஒவ்வொரு கோட்டையும் உன் கழுத்து என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன். கண்டுபிடித்தேன்.

கொங்கிறீற்று, பம்பி, நாலு விநாடி என்று கெட்டிக்காரப் பிள்ளை மாதிரித் தேடியிருக்கிறாய். அங்கெல்லாம் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன், உன்னை எரிச்சல்படுத்தத்தான். அந்தப் பிழையை நீ சின்ன வயதில் பதுளையில் உன் கண்ணால் பார்த்திருக்கிறாய். நீ மட்டுமா, அன்றைக்குப் பள்ளிவாசலுக்கு வந்த ஆண்கள் எல்லாரும் பார்த்தார்கள். பெண்பிள்ளையான நான் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து அடி வாங்கினேன். உட்கார்ந்து யோசி. உன் சீமை மூளைக்கு வருகிறதா என்று பார்ப்போம்.

வாப்பாவின் நெஞ்சைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. அவருடைய மருந்தை நேரம் பார்த்துக் கொடுப்பவள் நான். கிண்ணத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். நான் நின்றால் எடுக்க மாட்டார். நான் அறைக்குள் போனதும் எடுத்துக் குடிப்பார். நேற்று இருமல் கூடி, தண்ணீர் வேண்டும் போல இருந்தது. உம்மா வீட்டில் இல்லை. என்னிடம் கேட்க மனமில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே அடுப்படிக்கு நடந்து போனார். நான் பின்னால் நின்று அழுதேன். அழுதது போதும் என்று பட்டதும் உன்னை நினைத்தேன். உன்னை நினைத்தால் எனக்கு அழுகை நிற்கிறது, அந்த அளவுக்காவது நீ பிரயோசனப்படுகிறாய்.

நான் கேட்டது மாறவில்லை. எழுது. எழுதாவிட்டால் கட்டு. உன் பெயர் போட்ட சுவர் எப்படி நிற்கிறது என்று இங்கேயிருந்து வேடிக்கை பார்க்கிறேன். அந்தச் சுவரால் உன் பெயர் நாறும் நாளில் நான் வட்டிலப்பம் செய்து ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து படிக்க வருகிற என் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுப்பேன்.

ஸுபைரா


இங்கிலாந்து
14.06.1982

ஸுபைராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ பூச்சாண்டி காட்டுவதாகவே வைத்துக்கொண்டு வேலையை நடத்தினேன். சுவர் எழும்பிவிட்டது. சுற்றில் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டது. இப்போதைக்குக் குறைந்த அளவில்தான், அடுத்த மாதம் முழு அளவில் ஓடும். எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. லத்தீபுக்கு எங்கள் இடத்திலேயே வேலை எடுத்துக் கொடுத்துவிட்டேன். தொழில்நுட்ப உதவியாளன். இந்த மாதம் இருபத்தோராம் திகதியிலிருந்து பம்பி அறையில் அவனுடைய முறை. முதல் கடிதத்தில் நான் சொன்ன கதிரை ஞாபகமிருக்கும். அதில்தான் உட்காருவான். மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கம், குழாயிலிருந்து பன்னிரண்டு அடிகூட இருக்காது. எட்டு மணித்தியாலம். பையன் சந்தோஷமாக இருக்கிறான். வீட்டுக்கு நானே எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை என்றால் தம்பிக்காக துஆச் செய். ஏதாவது உண்மையில் தெரியும் என்றால் அதைச் சொல்லவா விடவா என்று நீயே முடிவெடு. உன்னோடு நான் இனிக் கெஞ்சப் போவதில்லை.

மாமாவுக்கு நான் ஒன்றும் எழுத மாட்டேன்.

ஷுக்ரி


பதுளை
25.06.1982

ஷுக்ரி,

உன் கடிதம் காலையில் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. வகுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தபாற்கந்தோருக்கு ஓடினேன். மழையில் குடைகூட எடுக்கவில்லை.

தந்தி உனக்கு அடிக்கவில்லை. உன் கடிதத் தாளின் தலைப்பில் உங்கள் நிலையத்தின் விலாசம் இருக்கிறது. உன் தலைவருக்கு அடித்தேன். உனக்கு அடித்தால் உன் பெயரைக் காப்பாற்ற இரண்டு நாள் யோசிப்பாய், அந்த இரண்டு நாளும் என் தம்பி அந்தக் கதிரையில் இருப்பான். "தாங்கியில் தண்ணீர் தங்கவில்லை, நுழைந்த வழியே நேராக வெளியேறுகிறது, பம்பி அறையிலிருந்து ஆளை உடனே எடுங்கள், விவரம் தபாலில்." கீழே என் பெயர், என் பட்டம், என் பள்ளிக்கூடம். பின்னால் எட்டுப் பக்கக் கடிதமும் போயிருக்கிறது. உன் வெப்பக் கணக்கு யார் செய்தது என்பதும் அதில் இருக்கிறது.

இனி உனக்கும் சொல்லலாம், விற்க ஒன்றும் மிச்சமில்லை. கொள்ளளவை ஓடும் அளவால் பிரித்து ஒன்றரை நிமிடம் என்றாய். தாங்கிக்குள் வருகிற தண்ணீர் எல்லாம் வரிசையில் நின்று முறை வந்ததும் வெளியேறும் என்று நினைத்தாய். நுழையும் குழாயையும் வெளியேறும் குழாயையும் நேருக்கு நேர் வைத்திருக்கிறாய், நடுவில் ஒரு தடுப்பு இல்லை. புதுத் தண்ணீர் நடுவால் அம்பு மாதிரிப் போய்விடும். மூலைத் தண்ணீர்தான் அசையாமல் கிடந்து கெடும். பத்து விநாடியில் வெளியே வந்தால் நஞ்சில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படியே இருக்கும். அதற்கு உன் மெல்லிய சுவர் சீலைத் துண்டு.

பள்ளிவாசலில் தொழுகைக்குக் கை கால் கழுவுகிற ஹவுழ்த் தொட்டி ஞாபகம் வருகிறதா? லத்தீபுக்கு ஏழு வயது இருக்கும். அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் விழுகிற வாயில் உம்மா வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலக்கட்டியைப் போட்டானே. நீலம் கோடு கிழித்த மாதிரி நடுவால் போய், மற்றக் கரையில் காலைக் கழுவிக்கொண்டிருந்த மொஹிதீன் ஹாஜியாரின் கால் நீலமானது. பக்கத்து மூலைகளில் ஒரு பொட்டு நீலம் இல்லை. அவன் முதுகில் அடி விழுந்தபோது நீ அந்தக் கரையில் உளூச் செய்துகொண்டு இருந்தாய். அதற்குப் பிறகும் எத்தனை வருடம் ஐந்து நேரமும் அந்தப் பாசி பிடித்த மூலையைப் பார்த்தபடி முகம் கழுவியிருப்பாய்!

உன் படத்தைப் பார்த்த அன்றே ஆய்வுகூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியில் மை விட்டுப் பார்த்தேன். ஸ்பிரிங்வெளி ரெங்கம்மா முன் வாங்கில் இருந்து, "டீச்சர், எங்க லயத்து டேங்கிலயும் இப்படித்தாங்க, மூலையில இருக்க தண்ணி நகரவே நகராது" என்றாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது.

லத்தீபை அங்கே வைத்தாயே. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பெருநாளுக்குப் போனவன் நீ. உன்னை நான் இதுவரை வெறுத்தது போதாது.

ஸுபைரா


இங்கிலாந்து
20.07.1982

ஸுபைரா,

சந்தோஷமா?

உன் தந்தி வந்த அன்றே சுற்றை நிறுத்தினார்கள். தாங்கிக்குள் சாயம் விட்டுப் பார்த்தார்கள். நீ சொன்னபடிதான். என்னை எல்லார் முன்னாலும் கூப்பிட்டு உன் எட்டுப் பக்கத்தை மேசையில் வைத்து, இதில் எதை நீ செய்தாய் என்று கேட்டார்கள். பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாத முடிவில் வேலையும் இல்லை. பன்னிரண்டு வருடத்தை ஒரு தந்தியில் அழித்துவிட்டாய்.

இனி நீ கேள். லத்தீப் இங்கே வேலை செய்யவே இல்லை. பேர்மிங்ஹாமில் ஒரு பேக்கரியில் மாப் பிசைகிறான். வேண்டுமென்றால் அவனுக்கு எழுதிக் கேட்டுப் பார். உன் வாயைத் திறக்கச் சொன்ன பொய் அது. திறந்தாய். என்னிடம் திறப்பாய் என்று நினைத்தேன், அதுதான் நான் விட்ட பிழை.

ஆனால் அந்தக் கதிரை வெறுமையாக இருக்கவில்லை. ஜூன் தொடக்கத்திலிருந்து அதில் ஓர் ஆள் இருந்தான். எச்சரிக்கை மணியை நான் தாங்கிப் பக்கம்தான் வைத்திருந்தேன், பம்பிப் பக்கம் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. கதிர் பட்டால் கறுக்கிற பிலிம் வில்லை ஒன்று எல்லாருடைய சட்டையிலும் குத்தியிருப்பார்கள். அவனுடையதை எடுத்துக் கழுவிப் பார்த்தபோது கறுத்துப் போயிருந்தது. அவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மாதா மாதம் இரத்தம் பார்ப்பார்களாம். என்ன ஆகும் என்று டொக்டர்களுக்கும் தெரியாது.

நான் தெரியாமல் செய்தேன். உனக்கு ஏப்ரலிலேயே தெரியும். முன்பின் தெரியாத ஒருவன் அங்கே இருந்த வரைக்கும் நீ என்னோடு விளையாடிக்கொண்டு இருந்தாய். வட்டிலப்பம் செய்வேன் என்று எழுதினாய். லத்தீப் என்றதும் குடையில்லாமல் ஓடினாய். என்னைப் பொய்யன் என்று சொல்ல உனக்கு வாய் இருக்கிறதா?

நீ கேட்ட கடிதத்தை மாமாவுக்கு எழுதிவிட்டேன், பயப்படாதே. ஆனால் முழுவதையும் எழுதினேன். இருபத்து மூன்று வயதில் புத்தி கெட்டு எல்லயில் கண்டதாக நான் சொன்ன ஒரு பொய்க்காக, உங்கள் மகள் ஒரு மனிதனைக் கதிருக்கு முன்னால் உட்கார விட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தாள் என்று எழுதினேன். உன்னுடைய கடிதங்களையும் சேர்த்து அனுப்பினேன். அழுகல் எது என்று அவரே பார்க்கட்டும்.

ஷுக்ரி


பதுளை
12.08.1982

ஷுக்ரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் போன வியாழக்கிழமை கடைக்கு வந்திருக்கிறது. லொறி வந்து நிற்க, கிழங்கு இறக்குகிற ஆட்களை அப்படியே விட்டுவிட்டு வாப்பா பகலில் வீட்டுக்கு வந்தார். முன் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக வாசித்தார். உன்னுடையதையும் வாசித்தார், என்னுடையதையும் வாசித்தார். லுஹருக்குப் பாங்கு சொன்னது, அவர் எழும்பவில்லை. வாப்பா பாங்கு கேட்டு எழும்பாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

பிறகு "ஸுபைரா" என்று கூப்பிட்டார்.

நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். முதலில் உம்மாவைப் பார்த்தேன், உம்மா என்னைப் பார்த்தார். கையைக்கூடத் துடைக்காமல் போய் முன்னால் நின்றேன். பன்னிரண்டு வருடமாக இந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனை விதமாக நினைத்துப் பார்த்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது. அவர் அழுவார், நான் அழ மாட்டேன் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன்.

"எல்லக் கத பொய்யாம்" என்றார். "ஓம் வாப்பா" என்றேன். "நான் உனக்குச் செஞ்சது பெரிய அநியாயம் மகள். அதுக்கு நான் அல்லாஹ்க்கிட்டப் பதில் சொல்லோணும், உனக்கும் சொல்லோணும்." மகள் என்றார், ஷுக்ரி. அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். என் தலையில் கை வைப்பார் என்று நினைத்தேன்.

அவர் கையில் தாள்கள் இருந்தன. நான் ஏப்ரலில் எழுதியதைத் தேடி எடுத்து என் முன்னால் பிடித்தார். "அந்தச் செவத்துக்கு அங்கால இருந்த புள்ள ஆரு?"

"தெரியாது வாப்பா."

"தெரியாமலா இவ்வளவு நாளும் உட்டுட்டு இருந்த?"

உனக்கு என்றால் ஆயிரம் சொல்லியிருப்பேன். நீ கட்ட மாட்டாய் என்று நினைத்தேன், பயந்து எழுதிவிடுவாய் என்று நினைத்தேன், முழு அளவில் ஓடுமுன் எப்படியும் சொல்லியிருப்பேன். எல்லாம் வாயில் இருந்தது. அவர் நீட்டிய தாளில் இருந்த என் கையெழுத்தைத்தான் திருப்பி வாசித்தேன். உண்மையில் அந்தக் கதிரையில் ஓர் ஆள் இருப்பான் என்று நான் நினைக்கவே இல்லை. நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய், நான் வாசித்தேன், ஆனால் எனக்கு அந்தக் கதிரையில் நீ மட்டும்தான் தெரிந்தாய்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. உன் வேலை போனதற்கு எனக்கு ஒரு சொட்டுக் கவலையும் இல்லை. பொய் சொல்லி எடுத்த இடம், பொய் சொல்லியே போனது. லத்தீபைப் பற்றி நீ பொய் சொல்லாமல் விட்டிருந்தால் நான் இன்றைக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டேன், அந்த மனிதன் இன்றைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பான். இதை நினைத்தால்தான் எனக்கு நித்திரை இல்லை.

வாப்பா இப்போது என்னோடு பேசுகிறார். மஃரிப் தொழுதுவிட்டு வந்ததும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நான் போய் நிற்கிறேன். "எழுதிக் கேட்டியா மகள்? அந்தப் புள்ளட பேர் என்ன?" என்று கேட்கிறார். உங்கள் நிலையத்துக்கு அன்றைக்கே எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை வாப்பா என்கிறேன். சரி என்று தலையை ஆட்டுகிறார். அடுத்த நாளும் கூப்பிடுகிறார், அதையே கேட்கிறார். அவனுக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்களா, கல்யாணம் முடித்தவனா என்று நேற்றுக் கேட்டார்.

என்னைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் எழுது, யாருக்கு வேண்டுமானாலும் எழுது. ஆனால் அவனுடைய பெயரை எனக்கு அனுப்பு. விலாசமும் தெரிந்தால் அனுப்பு.

ஸுபைரா